ஐஸ் உருகிய பிறகு: ஒன்ராறியோ கொட்டேஜ் ஏரிகளில் வசந்தகால மீன்பிடிப்பு, ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் மே மாத மீன்பிடிப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவை மூன்று: ஒரு தடிமன், காதுக்குப் பின்னால் பதினாலு கடி, அப்புறம் வைத்திருக்கக்கூடாத ஒரு மீன். ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய், கவார்த்தா ஏரி ஒன்றின் கரையில் மச்சான் வாடகைக்கு எடுத்த கொட்டேஜில் இறங்கினோம். போன ஆவணியில் எந்த இடத்தில் எந்தத் தூண்டிலைப் போட்டேனோ, அதே இடத்தில் அதையே போட்டேன். இரண்டு நாளும் வெறுங்கை. மூன்றாம் நாள் மாட்டியது ஸ்மோல்மவுத் பாஸ். பக்கத்து இறங்குதுறையில் நின்ற வயதான வெள்ளைக்காரர், "அதை விடு தம்பி, அதுக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு நூல் கட்டிய ஒரு வெப்பமானியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். 9 பாகை. அதைப் பார்த்துவிட்டு, என் தூண்டிலைப் பார்த்துவிட்டு, சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிய எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. வசந்தகாலத்தில் ஏரிக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அது தண்ணீரின் சூட்டில் எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு எப்போது லீவு கிடைக்கிறது என்பது மீனுக்குத் தெரியாது. லூன் பறவைக்கும் ஆமைக்கும் கறுப்பு ஈக்கும்கூடத் தெரியாது. நகரத்திலிருந்து இரண்டு மூன்று நாள் போய்வரும் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கவார்த்தா, ஹாலிபேர்ட்டன், மஸ்கோகா, கொஞ்சம் அல்கோன்குவின் ஆகிய பகுதிகளுக்கு இது பொருந்தும்.

முதற்படி: நாளைத் தெரிவுசெய்தல்

ஐஸ் போகும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். கவார்த்தாவின் ஆழம் குறைந்த ஏரிகளில் ஐஸ் முதலில் போகும். மஸ்கோகாவிலும் ஹாலிபேர்ட்டனிலும் அநேகமாக ஏப்ரல் பின்பாதியில். அல்கோன்குவினில் சில வருடங்களில் மே பிறந்த பிறகும் மிதந்துகொண்டிருக்கும்.

ஐஸ் போன பிறகு நடக்கும் ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு. தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் கனமானது. மாரி முழுக்க மேலே குளிர்நீரும் அடியில் அந்த 4 பாகை நீரும் இருக்கும். ஐஸ் போய், வெயில் பட்டு, மேல்நீரும் 4 பாகைக்கு வந்ததும் மேலுக்கும் கீழுக்கும் கனத்தில் வித்தியாசம் இல்லாமல் போகிறது. அந்த நேரம் ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், ஏரி முழுவதும் கலங்கிப் புரளும். ஒட்சிசன் அடிவரை போகும். கோடையில் 20 மீற்றர் ஆழத்தில் ஒளிந்திருக்கும் லேக் ட்ரவுட் அப்போது மேலே, கரையோரம்கூட வரும். அதற்குப் பிடித்த சூடு 10 பாகை அளவு, அது அந்தச் சில கிழமைகளில் மேல்நீரிலேயே கிடைக்கிறது. ஜூன் நடுவில் அதே இடத்தில் நின்று எறிந்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

ஆகவே மீன்தொட்டிக்கு விற்கும் மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி இரண்டு மீற்றர் நூல் கட்டுங்கள். என் பெட்டியில் இருக்கும் சாமான்களில் மிகவும் உழைத்தது அதுதான். நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இப்படி. 6 முதல் 9 பாகை வரை பிக்கரல் என்ற மீன் முட்டையிடும் நேரம், அதைத் தொந்தரவு செய்யக்கூடாது, சட்டமும் மூடித்தான் வைத்திருக்கும். 10க்கு மேல் போனதும் முட்டையிட்டு முடித்த பிக்கரல் பசியோடு அலையும். 15ஐ நெருங்கும்போது ஸ்மோல்மவுத் பாஸ் கரையோரச் சரளையில் கூடு துப்பரவாக்கத் தொடங்கும். 20ஐத் தொட்டால் சன்ஃபிஷ் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நேரம் அது.

வெப்பமானி இல்லாவிட்டால் காதைத் தீட்டுங்கள். தவளைகள் சொல்லும். ஏப்ரலில் முதலில் கேட்பது வுட் ஃபிராக், வாத்து கொஞ்சமாகக் கொக்கரிப்பது போல. இந்தத் தவளை மாரியில் உறைந்து கட்டியாகி, இதயத்துடிப்பே நின்று, வசந்தத்தில் உருகி எழும்புகிற பிராணி. அடுத்தது ஸ்பிரிங் பீப்பர். பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, ஆனால் நூறு சேர்ந்து கத்தினால் காரின் கண்ணாடியை மூடினாலும் கேட்கும். மே தொடக்கத்தில் தேரைகள் நீட்டி ரீங்கரிக்கும். மே கடைசியில் மரத்தவளை. ஜூனில் புல்ஃபிராக் அடித்தொண்டையில் தொடங்கிவிட்டதா, சரி, பாஸ் காலம் கிட்டுகிறது என்று அர்த்தம்.

இனித் திகதிகள். மாகாணம் மீன்பிடிக்காக வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, கவார்த்தா ஏரிகள் 17ஆம் வலயத்தில் இருக்கின்றன. அங்கே பிக்கரல் திறப்பது மே இரண்டாம் சனி. மஸ்கோகாவும் ஹாலிபேர்ட்டனும் 15ஆம் வலயம், அங்கே மூன்றாம் சனி. அல்கோன்குவினில் புரூக் ட்ரவுட் திறப்பது ஏப்ரல் நாலாம் சனி. பாஸை வைத்துக்கொள்ள ஜூன் கடைசிப் பகுதிவரை பொறுக்க வேண்டும். பல ஏரிகளுக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு. மாகாணம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் விதிமுறைச் சுருக்கத்தில் வலயத்தைப் பார்த்த பிறகு ஏரியின் பெயரையும் தேடிப் பார்க்க வேண்டும். போன வருடத்து நினைவில் போவது ஆபத்து.

மே இரண்டாம் சனியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மறுநாள் அநேகமாக அன்னையர் தினம். எங்கள் வீட்டில் இதற்குக் கண்ட தீர்வு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது. அந்த வார இறுதி மாகாணத்தில் லைசென்ஸ் இல்லாமல் மீன்பிடிக்க விடும் நாட்களில் ஒன்று என்பதால் சட்டமும் நம் பக்கம் நிற்கிறது.

இரண்டாம் படி: கார்டும் சட்டமும்

18 முதல் 64 வயதுவரை உள்ள கனடாவாசிகளுக்கு மாகாணம் கொடுக்கும் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். அதற்குக் குறைந்த வயதுக்காரரும் 65 ஆனவர்களும் அடையாள அட்டை வைத்திருந்தால் போதும். கார்ட் மூன்று வருடத்துக்கு. லைசென்ஸில் இரண்டு வகை: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். இரண்டாவது மலிவு, வைத்துக்கொள்ளக்கூடிய மீன் குறைவு. வருடத்தில் நாலைந்து தடவை போகிறவருக்கு இரண்டாவதே தாராளம் என்பது என் எண்ணம், ஃபிறிட்ஜை நிரப்பப் போகிறவர்கள் கடையிலேயே வாங்கலாம். லைசென்ஸ் இல்லாத இலவச நாட்களிலும் கொன்சர்வேஷன் அளவுதான் செல்லும். அன்னையர் தினத்தைத் தவிர, பெப்ரவரியில் ஒரு வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, ஜூலை தொடக்கத்தில் ஒரு கிழமை ஆகியவையும் இலவசம்.

ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். இரண்டு தடியை ஊன்றிவிட்டுக் கதிரையில் சாயும் பழக்கம் இந்த ஏரிகளில் அபராதத்தில் முடியும். அணைக்கட்டுகளுக்கும் லொக்குகளுக்கும் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) கீழே பல இடங்கள் வசந்தத்தில் மீன் சரணாலயங்கள், அங்கே எந்த மீனுக்கும் தூண்டில் போடக்கூடாது. போடத்தான் கூடாது, பார்க்கலாம். பொப்கேஜன் போன்ற ஊர்களில் ஏப்ரல் இரவில் அணைக்குக் கீழே டோர்ச் அடித்தால், முட்டையிட வந்த பிக்கரல்களின் கண்கள் தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாக மின்னும். தூண்டில் இல்லாமல் போய்ப் பார்க்கத்தக்க காட்சி.

அப்படி நிற்கும்போது, மூடிய காலத்தில் யாராவது மீன் எடுப்பதைக் கண்டால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். இந்த ஏரிகள் மிசிசாகா அனிஷினாபே பூர்வகுடி மக்களின் நிலம். கேர்வ் லேக், ஹியாவாதா, ஆல்டர்வில் போன்ற சமூகங்களுக்கு இங்கே ஒப்பந்தவழி மீன்பிடி உரிமை இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களைக் காட்டிப் பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டு, 2018 உடன்பாட்டில் திரும்ப ஏற்கப்பட்ட உரிமை அது. நமக்கான விதிமுறைச் சுருக்கம் அவர்களுக்கு எழுதப்பட்டதல்ல.

மூன்றாம் படி: எந்த ஏரி

வரைபடத்தில் கவார்த்தா பகுதியைப் பார்த்தால், தெற்கே சுண்ணாம்புக்கல், வடக்கே கனேடியக் கேடயம் என்ற பழம்பாறை நிலத்தின் கருங்கல். இந்த ஒரு வித்தியாசம் உங்கள் பயணத்தையே தீர்மானிக்கும். ரைஸ் லேக், பிஜன் லேக், ஸ்டேர்ஜன் லேக் எல்லாம் ஆழம் குறைந்தவை, பாசி நிறைந்தவை, கெதியில் சூடாகிறவை. மீன் வகையும் அதிகம்: பிக்கரல், பேர்ச், பாஸ், மஸ்கி, சன்ஃபிஷ். ஹாலிபேர்ட்டனிலும் மஸ்கோகாவிலும் ஆழமான, தெளிந்த, குளிர்ந்த ஏரிகள். லேக் ட்ரவுட் இருக்கும், மீன் குறைவு, அழகு கூட. முதல்முறை போகிறீர்களா, பிள்ளைகள் கூட வருகிறார்களா, தெற்கே நில்லுங்கள். ஒரு மீனுக்காக நாள் முழுக்க வாய்மூடி இருக்கத் தெரிந்தவர்கள் வடக்கே போகலாம்.

நாலாம் படி: சாமான்

இதை நீட்டி எழுதினால் கடைக்காரருக்குத்தான் நன்மை. நடுத்தர மென்மையுள்ள, ஆறரை அடி அளவான ஒரு ஸ்பின்னிங் தடி, 6 அல்லது 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி, சில ஜிக் முட்கள் (தலையில் பாரம் பொருத்திய முள்), இரண்டு மூன்று மிதப்பு, நீள்மூக்குக் குறடு, அளவுநாடா. இவ்வளவும் போதும். ஊரில் கடலுக்குத் தூண்டில் போட்ட கைகள் இங்கே தடித்த தங்கூசி வாங்கத் துடிக்கும். வேண்டாம், தெளிந்த குளிர்நீரில் மீன் அதைப் பார்த்துவிடும்.

ஈயக்குண்டு மட்டும் வாங்காதீர்கள். லூன் பறவை அரைவைக்காகச் சிறு கற்களை விழுங்கும். அப்போது அடியில் கிடக்கும் ஈயக்குண்டும் சேர்ந்து உள்ளே போகும். ஒரே ஒரு குண்டு போதும் அதைக் கொல்ல. தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் தடை. வெளியே தடை இல்லாவிட்டாலும் டங்ஸ்டன், தகரம், உருக்கு எல்லாம் கடையில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இரைக்கு மண்புழு அல்லது மென்ரப்பர் இரை. உயிருள்ள இரைமீன் பாவிக்கும் விதிகள் 2022இலிருந்து இறுகிவிட்டன. மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒன்றில் வாங்கியதை இன்னொன்றுக்குள் கொண்டுபோக முடியாது. அல்கோன்குவினுக்குள் உயிருள்ள இரைமீனே கூடாது. மிஞ்சிய இரையையோ டப்பாவில் இருக்கும் தண்ணீரையோ ஏரிக்குள்ளும் கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் கொட்டக்கூடாது. புழுவைப் பாவம் பார்த்துக் காட்டில் விடுகிறவர்களும் உண்டு. பனியுகம் துடைத்த இந்த நிலத்தில் மண்புழு பூர்வீகமில்லை. காட்டின் இலைப்படுக்கையை அது தின்று தீர்க்கும், டிரில்லியம் போன்ற பூக்களுக்கு அந்தப் படுக்கைதான் வீடு. மிஞ்சிய புழு குப்பைக்குத்தான்.

ஐந்தாம் படி: அந்திநேரப் பிக்கரல்

விதிமுறைப் புத்தகத்தில் பிக்கரலின் பெயர் வால்ஐ. தமிழில் எழுதும்போது வாலைப் பற்றிய மீன் போலத் தெரிகிறது, உண்மையில் பெயர் கண்ணைப் பற்றியது. கண்ணுக்குப் பின்னால் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கும். பேர்ச் தடுமாறும் நேரத்தில் இது வேட்டைக்கு வரும். ஆகவே மத்தியானத்தில் நித்திரை கொள்ளுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து இருட்டிய பிறகு ஒரு மணி நேரம்வரைதான் உங்கள் கடை திறந்திருக்கும். காற்று அடித்துக் கரை கலங்கியிருந்தால் பகலிலும் கிடைக்கும்.

இடம்: ஆறு ஏரிக்குள் விழும் வாய், கல் நிறைந்த முனை, புதிதாக முளைக்கும் பாசியின் வெளிவிளிம்பு. ஆழம் 2 முதல் 4 மீற்றர். கரையிலிருந்தே எட்டும் தூரம்.

3 அல்லது 4 கிராம் ஜிக்கில் பாதிப் புழுவைக் கோத்து எறியுங்கள். அடியைத் தொடும்வரை விடுங்கள், தங்கூசி தளர்வதில் தெரியும். பிறகு தடியின் நுனியை ஒரு சாண் உயர்த்தி, திரும்ப விழவிட்டு, ஐந்துவரை எண்ணுங்கள். குளிர்ந்த மீனுக்குத் துரத்தும் வலு இல்லை. நான் முதல் வருடம் கோடை வேகத்தில் சுருட்டிக்கொண்டிருந்ததுதான் பிழை. இதன் கொத்து ஊரில் நாம் பழகிய இழுப்புப் போல இராது. ஈரத் துணி மாட்டியது போல ஒரு பாரம், அவ்வளவுதான். பாசி என்று நினைத்துத் தடியை மெல்ல உயர்த்துவீர்கள். பாசி இரண்டு தடவை தலையாட்டும்.

இனி அளவுநாடா. 17ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்றிமீற்றர்வரை உள்ள பிக்கரலைத்தான் வைத்துக்கொள்ளலாம். குறைந்தாலும் விட வேண்டும், கூடினாலும் விட வேண்டும். பெரியவை அநேகமாக முட்டைத் தாய்கள், அதுதான் காரணம். மச்சான் ஒருநாள் 52 சென்றிமீற்றர் மீனை நாடாவில் வைத்து, வாலைக் கொஞ்சம் மடக்கி, மூக்கைக் கொஞ்சம் அமத்தி, "ஐம்பதுதானே?" என்று கேட்டார். வாலை ஒன்றுசேர்த்து நீட்டித்தான் அளக்க வேண்டும் என்று சொன்னேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. மீன் பேசாமலே போனது.

விடும் மீனைக் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், அதன் மேலுள்ள வழுவழுப்புத்தான் அதற்குக் கவசம். படம் எடுப்பதென்றால் உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும்.

பகலில் சும்மா இருக்க முடியாதவர்களுக்குப் பேர்ச் இருக்கிறது. மிதப்புக்குக் கீழே சிறு முள், சிறு துண்டுப் புழு, பாசி ஓரம். ஒன்று வந்தால் கூட்டமே அங்கே நிற்கும். பாஸ் தற்செயலாக மாட்டினால் உடனே அதே இடத்தில் விடுங்கள். கூட்டைக் காப்பது ஆண் மீன், அது சில நிமிடம் விலகினாலே சன்ஃபிஷும் பேர்ச்சும் முட்டையைத் தின்ன வந்துவிடும்.

ஆறாம் படி: படகும் குளிர்நீரும்

மே மாத வெயில் பொய் சொல்லும். காற்று 24 பாகை, எல்லோரும் டீஷேர்ட், தண்ணீரோ 8. மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாடில்லாமல் இழுக்கும், அதை அடக்குவதே வேலை. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், வெளியேற அதற்குள் முயல வேண்டும். உடல் குளிர்ந்து நினைவிழக்க 1 மணி நேரம் அளவு இருக்கிறது. மிதவை அங்கி போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். கால்களுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் அங்கியை அந்த முதல் நிமிடத்தில் யாராலும் போட முடியாது. நன்றாக நீந்துவேன் என்பவரிடம் நான் வாதாடுவதில்லை, படகில் ஏற்றுவதில்லை.

மோட்டார் படகு ஓட்ட இயக்குநர் அட்டை வேண்டும். கொட்டேஜோடு படகு வந்தாலும் சொந்தக்காரரின் அட்டை உங்களுக்குச் செல்லாது.

ஏழாம் படி: பக்கத்தில் இருப்பவர்கள்

மீன் கொத்தாத நேரம்தான் இங்கே அதிகம். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

கனடாவின் ஒரு டொலர் குற்றியில் 1987இலிருந்து நீந்துகிற லூன், ஐஸ் போன மறுநாளே ஏரிக்கு வந்துவிடும். மற்றப் பறவைகளின் எலும்பு போல இதன் எலும்புகள் உள்ளீடற்றவை அல்ல, கனமானவை. அதனால்தான் கல் போல அமிழ்ந்து மீன் பிடிக்கும். அதே காரணத்தால் மேலே எழும்ப நீண்ட ஓட்டம் தேவை, குட்டி ஏரியில் இறங்கினால் மாட்டிக்கொள்ளும். இரவில் ஓநாய் ஊளை போல நீண்டு வருவது ஒன்றையொன்று கூப்பிடும் குரல். நடுங்கிச் சிரிப்பது போல வந்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், படகைத் திருப்புங்கள். ஏற்ற இறக்கத்தோடு திரும்பத் திரும்ப வருவது ஆணின் எல்லைச் சண்டை. கூடு தண்ணீர் விளிம்பிலேயே இருக்கும், முட்டை இரண்டு. வேகப்படகின் ஓர் அலை போதும் கூட்டை நனைத்து அழிக்க.

மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க ரோட்டைப் பாருங்கள். ஆமைகள் முட்டையிடச் சரளை தேடி ரோட்டோரத்துக்கு வரும் காலம். ஒன்ராறியோவின் பூர்வீக ஆமை இனங்கள் எட்டு, எட்டும் ஆபத்துப் பட்டியலில். ஸ்னப்பிங் ஆமை முட்டையிடத் தொடங்கவே பதினைந்து இருபது வருடம் ஆகும். ஒரு தாய் டயரில் போனால் அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை எடுக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்ஹோர்ன் பக்கம் ஒரு வளைவில் சோற்றுப்பானை மூடி அளவு ஸ்னப்பிங் ஆமை நடுரோட்டில் இருந்தது. முதுகில் பாசி, வாலில் முதலை போலப் பற்கள். எங்கள் சின்ன மாமா இறங்கி வாலைப் பிடிக்கப் போனார். பிடித்தால் அதன் முதுகெலும்பு கெட்டுவிடும். அதன் கழுத்து ஓட்டுக்கு மேலால் பின்பக்கம்வரை நீளும் என்பதும் மாமாவுக்குத் தெரியாது. காரின் கால்மிதியை எடுத்து அதன் பின்னால் விரித்து, ஓட்டின் பின்விளிம்பைத் தூக்கி அதன்மேல் ஏற்றி, சாக்கு இழுப்பது போல இழுத்தோம். அது சீறிக்கொண்டே பயணம் செய்தது. போகவேண்டியது அது பார்த்துக்கொண்டிருந்த திசைக்குத்தான். வந்த பக்கம் கொண்டுபோய் விட்டால் திரும்ப ரோட்டில் ஏறும். முதலில் உங்கள் காரை ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். அடிபட்ட ஆமையைக் கண்டால் பீற்றர்பறோவில் ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஓடு உடைந்த ஆமைகளையும் அங்கே பொருத்தி எடுக்கிறார்கள்.

மூஸ் என்ற மிகப் பெரிய மான் இனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூனில் விடியற்காலையில் அல்கோன்குவினுக்குள் 60ஆம் நெடுஞ்சாலையில் மெல்லப் போங்கள். மாரியில் ரோட்டுக்குப் போட்ட உப்பு ஓரக் கிடங்கு நீரில் கரைந்திருக்கும். உப்புக்கு ஏங்கும் மூஸ் அதைக் குடிக்க வரும். அதே காரணத்தால் அந்த ரோட்டில் இரவில் மெதுவாக ஓட்டுங்கள். மூஸின் கண்கள் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், சாதாரண மானின் கண்போல மின்னி எச்சரிக்காது.

கரடியைப் பற்றிப் பயப்படுவதைவிடப் பார்பிக்யூவைத் துப்பரவாக்குவது பயன். வசந்தத்தில் எழும்பும் கருங்கரடி புல்லும் மொட்டும் தின்று பசியைத் தாங்கிக்கொண்டிருக்கும். இறைச்சிக் கொழுப்பின் மணம் அதற்கு அழைப்பிதழ்.

காட்டுக்குள் வெள்ளைக் கம்பளம் விரித்தது போல டிரில்லியம் பூத்திருக்கும், 1937இலிருந்து மாகாணப் பூ. பறித்தால் எங்கேயும் அபராதம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாகாணப் பூங்காக்களுக்கு வெளியே அப்படிப் பொதுவான தடை இல்லை. ஆனால் பூவோடு இலையையும் பிடுங்கினால் செடி தேற வருடங்கள் ஆகும், ஆகவே அந்த நம்பிக்கையை நான் யாருக்கும் திருத்துவதில்லை.

எட்டாம் படி: கடிப்பவர்கள்

கறுப்பு ஈ மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஓடும் சுத்தமான நீரில் பிறக்கும், ஆகவே அழகான நீரோடைக்குப் பக்கத்துக் கொட்டேஜுக்கு வாடகையோடு இதுவும் சேரும். பகலில் கடிக்கும், இரவில் ஓய்வு. காதுக்குப் பின்னால், முடியோரம், காலுறை விளிம்பு என்று தேடிப்போய்க் கடிக்கும். வலிக்காது, இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். கறுப்பு, கருநீல உடுப்பைத் தவிர்த்து வெளிர் நிறம் போடுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் விடுங்கள், தலைக்கு வலை போடுங்கள். படத்தில் அசிங்கமாக இருக்கும். நான் சொன்ன பதினாலு கடியும் அழகாக இருக்க விரும்பியதால் வந்தவை.

நுளம்பு அதன் பிறகு வந்து, அந்தியில் பிக்கரல் வரும் அதே நேரத்தில் வேலைக்கு இறங்கும். உண்ணி எப்போதும் உண்டு. புல்லில் நடந்துவந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி எல்லாம் அன்றிரவே பாருங்கள். கருங்கால் உண்ணி லைம் நோயைக் காவும். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

ஒன்பதாம் படி: வெட்டுதல், பொரித்தல், திரும்புதல்

நீள எல்லை உள்ள மீனை வழியிலேயே துண்டுபோட்டுக்கொண்டு வரக்கூடாது. அதிகாரி மறித்தால் இனமும் நீளமும் தெரிய வேண்டும். முழுதாக ஐஸில் கொண்டுவந்து வீட்டில் வெட்டுங்கள், அல்லது பிடித்த இடத்திலேயே சமைத்துச் சாப்பிடுங்கள்.

பிக்கரலும் பேர்ச்சும் வெள்ளைச் சதை, வாசம் குறைவு. ஊர் மீன் குழம்பில் போட்டால் காணாமல் போய்விடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப்புளி பிரட்டிக் கால் மணி நேரம் வைத்து, மெல்லியதாக அரிசிமா தூவிப் பொரியுங்கள். பைக் என்ற மீன் கிடைத்தால் பலர் எறிந்துவிடுவார்கள், சதைக்குள் இரண்டாகப் பிரியும் முட்கள் என்பதால். அவித்து முள் எடுத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து மீன் கட்லட் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் பிக்கரலை விட அதற்குத்தான் ஆள் கூட.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு மாகாணம் ஏரிவாரியாக, மீனின் நீளவாரியாக ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. பெரிய மீனில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி அளவு உண்டு. சின்ன மீன் உண்பது எல்லாவகையிலும் நல்லது, ருசியிலும்தான்.

படகை ஏரியிலிருந்து எடுத்ததும் அடி அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டு, ஒட்டிய பாசியைக் கழற்ற வேண்டும். 2022இலிருந்து இது சட்டம். ஒரு பாசித்துண்டில் அடுத்த ஏரிக்குப் போகும் அந்நிய உயிர்கள் நிறைய.

மீன் கழிவைக் கொட்டேஜ் குப்பைவாளியில் போட்டால் இரவில் கரடியோ ரக்கூனோ வரும், ஏரிக்குள் எறியவும் கூடாது. இரண்டு பைக்குள் கட்டி உறைபெட்டியில் போட்டு, குப்பை எடுக்கும் நாள் காலையில் வெளியே வையுங்கள். பைக்கு மேல் பெரிய எழுத்தில் "கழிவு" என்று எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை. மாமி அதை மீன்தலை என்று நினைத்து உருகவிட்டு, புளியும் கரைத்து வைத்துவிட்டுத்தான் பையைத் திறந்தார்.